எரிப்பதா, புதைப்பதா, கரைப்பதா? பசுமையான இறுதிச் சடங்குக்கு என்னதான் வழி?

ஜொகூரில் ஆயர் ஈத்தாம் வழியாகப் போயிருக்கிறீர்களா? வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும்வரை, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடிய கார்களும் பேருந்துகளும் இளைப்பாற நின்ற ஊர் அது. பழைய சாலையோரக் கடைகளில் பூச்சாடி, பானை, உண்டியல், பீங்கான் பொம்மை என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர்.

அதே மண்பாண்டம் நம் வீடுகளில் இன்னொரு நாளிலும் தேவைப்படும். தகனம் முடிந்து அஸ்தியை வாங்கும்போது ஒரு கலயம், அதன் வாயில் ஒரு துணி, மேலே ஒரு மாலை. கடலில் அஸ்தியைக் கரைக்கும்போது பல குடும்பங்கள் கலயத்தையும் சேர்த்தே விட்டுவிடுகின்றன. "மண்ணுதானே, தானா கரைஞ்சிடும்" என்பார்கள் பெரியவர்கள்.

கரையாது. பச்சை மண் தண்ணீரில் கரையும். சூளையில் சுட்ட மண் கரையாது. சுமார் 600 டிகிரி செல்சியசைத் தாண்டிவிட்டால், களிமண்ணுக்குள் வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடும். அதன் பிறகு எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது பழையபடி சேறு ஆகாது. சந்தேகமாக இருந்தால் தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரை நினைத்துப் பாருங்கள். இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழிகள் அங்கே 2,500 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் இருந்தன. 2004ஆம் ஆண்டு அகழாய்வில் மட்டும் 150க்கும் மேற்பட்ட தாழிகள் வெளியே வந்தன. மேலே பளபளப்புப் பூச்சு இருந்தால் இன்னும் உறுதி, ஏனென்றால் அந்தப் பூச்சு ஒரு வகைக் கண்ணாடி.

ஒரு பானை கடலில் கிடப்பதால் பெரிய கேடு ஒன்றும் வராது. கல் மாதிரி கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் இறுதிச் சடங்கு விஷயத்தில் "இது இயற்கையானது", "அது சுற்றுச்சூழலுக்குக் கெட்டது" என்று நாம் பேசுவதில் நிறைய இப்படித்தான் இருக்கிறது. யாரும் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்கிற நேரமும் அது இல்லை. வீட்டில் ஒருவர் இறந்தால் பெட்டி, வண்டி, மயானம், நேரம் எல்லாமே ஒரே இரவில் முடிவாகிவிடும். அந்த இரவில் யாரும் கூகிளைத் திறக்க மாட்டார்கள். அதனால் இப்போதே பார்த்துவிடுவோம்.

எரித்தால் எவ்வளவு பாதிப்பு?

மலேசியாவில் நாம் மின்சுடலை என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். பெயரில் மின்சாரம் இருந்தாலும் பல தகன உலைகள் எரிவாயுவில் அல்லது டீசலில்தான் இயங்குகின்றன. உள்ளே வெப்பம் சுமார் 800 முதல் 1,000 டிகிரி வரை போகும். ஓர் உடல் எரிந்து முடிய ஒன்றரை மணி நேரம், சில சமயம் இரண்டு மணி நேரம் ஆகும். (கல்வகை மண்பாண்டம் சுடும் சூளை இதைவிடச் சூடு, 1,200 டிகிரியைத் தாண்டும்.)

இப்படி ஒரு தகனத்தில் சுமார் 240 கிலோ கரியமில வாயு வெளியாகும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெரிய எண் மாதிரி தெரிகிறதா? ஒரு சாதாரண பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிராம் வெளியிடுகிறது என்று வைத்தால், 240 கிலோ என்பது 1,200 கிலோமீட்டர் ஓட்டம். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூருக்குக் கிட்டத்தட்ட இரண்டு தடவை போய் வருவது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். ஆயர் ஈத்தாமில் ஒரு பாட்டி இறந்துவிட்டார். கோலாலம்பூரிலிருந்து பத்துக் கார்களில் சொந்தபந்தங்கள் வருகிறார்கள். ஒரு வழிக்குச் சுமார் 240 கிலோமீட்டர். போக வர பத்துக் காருக்கும் சேர்த்து 4,800 கிலோமீட்டர், அதாவது 960 கிலோ கரியமில வாயு. தகனத்தைப்போல் நான்கு மடங்கு! மலேசியாவில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 8 டன் அளவில் வெளியேற்றம் இருக்கிறது. அதை நாளுக்குப் பிரித்தால், ஒரு தகனம் என்பது ஓர் ஆள் உயிரோடு வாழும் பதினோரு நாளுக்குச் சமம்.

அதற்காகச் சாவு வீட்டுக்குப் போகாதீர்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. அளவு புரியட்டும் என்பதற்குத்தான் இந்தக் கணக்கு. பருவநிலை மாற்றத்தை நினைத்து உங்கள் தாத்தாவின் தகனத்தைப் பற்றிக் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியவை வேறு.

முதலாவது, பாதரசம். பழைய பற்குழி அடைப்புகளில் வெள்ளி நிறத்தில் இருப்பது பாதரசம் கலந்த உலோகக் கலவை. உலைச் சூட்டில் அது ஆவியாகிப் புகைபோக்கி வழியே போகும். பிறகு மழையோடு இறங்கும், நீரில் சேரும், மீனுக்குள் போகும். ஐரோப்பாவில் பல நாடுகளில் தகனச்சாலைகள் இதற்கென்றே வடிகட்டி பொருத்துகின்றன.

இரண்டாவது, பெட்டி. வார்னிஷ் பூசிய பலகை, பிளாஸ்டிக் கைப்பிடி, உள்ளே செயற்கைத் துணி மெத்தை, சில சமயம் தலைமாட்டில் பிளாஸ்டிக் பூ. பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகலாம். உடல் எரிவதைவிட அதைச் சுற்றி நாம் வைப்பது எரிவதுதான் பல சமயம் மோசம். காசும் அங்கேதான் அதிகம் போகும்.

மூன்றாவது, திறந்தவெளிச் சிதை. விறகு அடுக்கி எரிக்கும்போது ஓர் உடலுக்கு 400 முதல் 600 கிலோ வரை மரம் தேவைப்படும் என்பது இந்தியாவில் வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. வெப்பத்தில் பெரும்பகுதி சுற்றியுள்ள காற்றுக்குத்தான் போகிறது. புகையும் அதிகம்.

இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால், அதை எடுத்துவிட்டுத்தான் தகனம் செய்ய வேண்டும். அதன் மின்கலம் உலைக்குள் வெடிக்கும். அவசரத்தில் குடும்பங்கள் மறந்துவிடும் விஷயம் இது.

அப்படியென்றால் புதைப்பது நல்லதா?

அது எப்படிப் புதைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தடித்த மரப்பெட்டி, உலோகப் பூண், ஃபார்மலின் ஏற்றிய உடல், மேலே சிமெண்டுக் கட்டடம் என்றால் அதில் பசுமை எதுவும் இல்லை. ஃபார்மலின் என்பது ஃபார்மால்டிஹைடு கரைசல். புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. முதலில் அதைச் சுவாசிப்பது நீங்கள் அல்ல, உடலைத் தயார்படுத்தும் ஊழியர்.

மாறாக, நம் அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பம் எப்படி அடக்கம் செய்கிறது என்று பாருங்கள். உடலைக் குளிப்பாட்டி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, கூடிய சீக்கிரம் மண்ணுக்குள் வைக்கிறார்கள். ரசாயனம் ஏற்றுவதில்லை, ஆடம்பரப் பெட்டி இல்லை. இன்று மேற்கத்திய நாடுகளில் "இயற்கை அடக்கம்" என்று புதிதாக விளம்பரம் செய்யப்படுவது பெரும்பாலும் இதுதான். பிரிட்டனில் கார்லைல் நகரில் 1993இல் தொடங்கிய வன அடக்கத் தலம் இந்த இயக்கத்தின் ஆரம்பம். கல்லறைக் கல்லுக்குப் பதிலாக மரம். மக்கும் பெட்டி அல்லது வெறும் துணி. நம்மவர்களில் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களும் உண்டு. பெட்டி எவ்வளவு எளிமையானதோ அவ்வளவு நல்லது.

காளான் விதை தைத்த உடை பற்றி இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க நடிகர் லூக் பெர்ரி 2019இல் அப்படி ஓர் உடையில் அடக்கம் செய்யப்பட்டார். அழகான யோசனைதான். ஆனால் மண்ணுக்கு அந்த உதவி தேவையில்லை. அதற்குள் ஏற்கெனவே கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. பருத்தி வேட்டி போதும்.

புதைப்பதில் பெரிய சிக்கல் இடம். சிங்கப்பூரில் புதிய அடக்கங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே இடுகாடு சுவா சூ காங். 1998 முதல் அங்கே ஒரு கல்லறைக்கு 15 ஆண்டுதான். பிறகு தோண்டியெடுத்து, சமயத்துக்கு ஏற்ப எரிக்கவோ சிறிய இடத்தில் மறுபடி புதைக்கவோ செய்கிறார்கள். மலேசியாவில் அந்த அளவு நெருக்கடி இல்லை. ஆனால் நம் தாத்தா பாட்டிகள் பலரைப் புதைத்தது தோட்டத்து மயானத்தில். தோட்டம் கைமாறி, லயங்கள் காலியாகி, பால்மரம் போய் செம்பனை வந்து, பிறகு அதுவும் வீடமைப்புத் திட்டமாக மாறிய இடங்கள் எத்தனை? "ஆத்தாவ எங்க பொதைச்சோம்னு காட்டக்கூட இடம் இல்லப்பா" என்று சொல்லும் பெரியவரை நீங்களும் சந்தித்திருக்கலாம். இயற்கை அடக்கத்துக்கு முதலில் வேண்டியது இன்னும் நூறு வருஷத்துக்கு யாரும் விற்க முடியாத நிலம்.

தண்ணீரில் தகனமா? அது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பர் 26ஆம் தேதி காலமானார். நிறவெறிக்கு எதிராகப் போராடி நோபெல் பரிசு பெற்றவர். தனக்கு இருப்பதிலேயே மலிவான பெட்டி போதும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். கயிற்றுக் கைப்பிடி போட்ட சாதாரண பைன் மரப் பெட்டி. அவர் உடலைத் தீயில் எரிக்கவில்லை, நீரில் கரைத்தார்கள். உலகம் முழுக்க இந்த முறையைப் பற்றி மக்கள் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான்.

இதன் அறிவியல் பெயர் காரநீர்ப் பகுப்பு. வணிகப் பெயர் அக்வமேஷன். உடலை ஓர் எஃகுக் கலனில் வைத்து, தண்ணீரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் சேர்ப்பார்கள். அழுத்தத்தோடு 150 டிகிரிவரை சூடாக்கினால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம். அழுத்தமில்லாமல் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் 14 மணி நேரம், அதற்கும் மேல். மண்ணுக்குள் பல ஆண்டுகளில் நடக்கும் சிதைவு, கலனுக்குள் சில மணி நேரத்தில் நடந்து முடிகிறது. கடைசியில் மிஞ்சுவது இரண்டு: மென்மையான வெள்ளை எலும்பு, பழுப்பு நிறத் திரவம். எலும்பை உலர்த்திப் பொடியாக்கிக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். பற்குழிப் பாதரசம் ஆவியாகாமல் அப்படியே திடமாக எஞ்சும். தேவைப்படும் ஆற்றலும் தீத்தகனத்தைவிட மிகக் குறைவு.

அந்தத் திரவம்? அமினோ அமிலம், உப்பு, சர்க்கரைப் பொருள்கள் கலந்த, கிருமியில்லாத நீர். பெரும்பாலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குத்தான் போகிறது. "எங்க அப்பாவ வாய்க்காலுக்கா அனுப்புறது?" என்று கேட்பவர் இருப்பார். நியாயமான கேள்வி. ஆனால் தகனத்திலும் உடலின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போகிறது. நாம் அதைத் தவறாக நினைப்பதில்லை. மேலே போவதை ஏற்கும் மனசு கீழே போவதை ஏற்க மறுக்கிறது. வேதியியலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. சிங்கப்பூரில் இப்போதைக்கு இந்தச் சேவை செல்லப்பிராணிகளுக்கு இருக்கிறது. உங்கள் நாயோ பூனையோதான் குடும்பத்தில் முதலில் இந்த வழியில் போகக்கூடும்.

உடலை உரமாக்குவது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019இல் இதற்கு முதன்முதலில் சட்ட அனுமதி கொடுத்தது. மரச்சில்லு, வைக்கோல், குதிரைமசால் புல் ஆகியவற்றுக்கு நடுவே உடலை ஒரு மூடிய கலனில் வைத்து, காற்று போக வழி செய்வார்கள். நுண்ணுயிரிகளின் வேலையால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். நோய்க்கிருமிகள் அதில் அழியும். இரண்டு மூன்று மாதத்தில் சுமார் முக்கால் கன மீட்டர் மண் கிடைக்கும். சியாட்டலில் இதை நடத்தும் ரிகம்போஸ் நிறுவனத்தின் கட்டணம் சுமார் 7,000 அமெரிக்க டாலர். கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 2022இல் இதற்குச் சட்டம் இயற்றின. நம் பக்கம் இது வருவதற்கு நாள் ஆகும். ரிங்கிட்டில் அந்தக் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும்.

சடங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

இதுதான் வீட்டில் வரும் உண்மையான சண்டை. தொழில்நுட்பம் எல்லாருக்கும் புரிந்துவிடும். "அப்புறம் கொள்ளி எப்படி வைக்கிறது?" என்று மாமா கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

இந்தியா இதில் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1980களில் கங்கை தூய்மைத் திட்டம் தொடங்கியபோது, நதியோர நகரங்களில் மின் தகன உலைகள் கட்டினார்கள். மரம் மிச்சம், புகை குறைவு, செலவும் குறைவு. ஆனாலும் பலர் பக்கத்திலேயே விறகுச் சிதையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். சுற்றி வர முடியவில்லை, கையால் தீ வைக்க முடியவில்லை, கபாலக் கிரியை செய்ய முடியவில்லை. கதவு மூடினால் முடிந்தது. மின்வெட்டு வேறு.

1992இல் டெல்லியில் தொடங்கிய மோட்சதா அமைப்பு வேறு மாதிரி யோசித்தது. விறகை ஒழிக்கவில்லை, சிதையை மாற்றியது. தரையிலிருந்து உயர்த்திய இரும்புத் தட்டு, கீழிருந்து காற்று வர வழி, மேலே கூரை, புகைபோக்கி. உடல் கண்முன்னேதான் இருக்கும். சுற்றி வரலாம், கொள்ளி வைக்கலாம். விறகு 150 முதல் 200 கிலோவாகக் குறைந்தது. சுற்றுச்சூழல் அளவுகோலில் மின் உலையைவிட இது பின்தங்கியதுதான். ஆனாலும் சடங்குக்கு இடம் வைத்திருப்பதால் விறகுச் சிதையை விட மறுப்பவர்களையும் இது ஈர்க்க முடிகிறது.

தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் சிறு நகரங்களில்கூட "நவீன எரிவாயு தகன மேடை" என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். உயரமான புகைபோக்கி தூரத்திலிருந்தே தெரியும். இவற்றில் பல, விறகைக் குறைந்த காற்றில் எரித்து எரிவாயுவாக்கி, அந்த வாயுவால் மூடிய அறையில் தகனம் செய்யும் முறையில் கட்டப்பட்டவை. வேறு சில சமையல் எரிவாயுவுக்கு மாறிவிட்டன. வெளியே மண்டபத்தில் எல்லாச் சடங்கையும் செய்துவிட்டு, உடலின் மேல் சூடம் ஏற்றிக் கொள்ளி வைத்ததாகக் கொள்வார்கள். நம் ஊர்ச் சுடலைகளிலும் கிட்டத்தட்ட இதே சமரசம்தான். பரம்பரையாக வந்த முறை என்று நாம் நினைப்பது பாட்டனார் காலத்தில் ஏற்கெனவே ஒரு தடவை மாறியது.

மின்சாரத்துக்கு மாறினால் எல்லாம் சரியாகிவிடுமா? தீபகற்ப மலேசியாவின் மின்சாரம் இன்னும் பெருமளவு நிலக்கரியிலும் இயற்கை எரிவாயுவிலும்தான் வருகிறது. உலையில் புகை இல்லாவிட்டாலும் மின் நிலையத்தில் இருக்கும். சூரிய மின்சாரம் கூடக் கூடத்தான் மின் உலையின் பலன் கூடும்.

மரபைப் பற்றி இன்னொன்று. எரிப்பது மட்டும்தான் தமிழர் முறை என்று யாராவது அடித்துச் சொன்னால், மணிமேகலையைக் காட்டுங்கள். சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டை வர்ணிக்கும் இடத்தில், எரிப்பவர், அப்படியே இட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், தாழ்ந்த இடத்தில் வைத்து அடைப்பவர், தாழியால் மூடுபவர் என ஐந்து வகையினர் ஒரே ஊரில் வருகிறார்கள். ஒருவர் முறையை இன்னொருவர் தடுத்ததாக அங்கே இல்லை.

அஸ்தியை என்ன செய்வது?

உங்கள் கையில் உண்மையிலேயே இருக்கும் முடிவு இதுதான். உலை எது என்பதை நீங்கள் தேர்ந்தெடுப்பது அரிது. அஸ்தி உங்கள் கைக்கு வருகிறது.

முதலில் ஒரு தெளிவு. அஸ்தி என்ற வடசொல்லுக்கே எலும்பு என்றுதான் பொருள். உலையிலிருந்து வருவது விறகுச் சாம்பல் மாதிரி அல்ல. சதை எல்லாம் வாயுவாகப் போனபின் மிஞ்சும் எலும்புத் துண்டுகள். பல இடங்களில் அவற்றை இயந்திரத்தில் அரைத்துப் பொடியாக்குகிறார்கள். இரண்டு, மூன்று கிலோ இருக்கும். பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட்.

ஆயர் ஈத்தாமின் சந்தியில் நின்றால் ஒரு வேடிக்கை. மேற்கே போகும் சாலை பத்து பகாட் வழியாக மலாக்கா நீரிணைப் பக்கம் போகும். கிழக்கே போவது குளுவாங் வழியாக மெர்சிங் பக்கம், தென் சீனக் கடலுக்கு. உள்நாட்டு ஊராக இருந்தாலும் இரண்டு கடலும் எட்டும் தூரம்தான். கடலில் கரைக்கும்போது எலும்புப் பொடியால் கடலுக்குத் தீங்கு என்று சொல்ல ஒன்றுமில்லை. கடல் நீரில் கால்சியம் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. தீங்கு கூடவே போவதில்தான். பிளாஸ்டிக் பை, ஜிகினா சுற்றிய மாலை, நைலான் நூல், பாலியெஸ்டர் சிவப்புத் துணி, சூடம் வந்த உறை, பன்னீர் பாட்டில். இவை பல ஆண்டுகள் மிதக்கும், ஆமையின் வயிற்றுக்குள் போகும், அல்லது அடுத்த நாள் அதே கரையில் ஒதுங்கும்.

அதனால் படகில் ஏறும் முன் கரையிலேயே பிரித்துவிடுங்கள். அஸ்தியும் உதிரிப்பூவும் கடலுக்கு. மாலையின் நூல், துணி, பை எல்லாம் திரும்ப வீட்டுக்கு. கலயத்தை உடைக்கும் சடங்கு இருந்தால் கரையில் உடைத்து ஓட்டை எடுத்துவந்துவிடலாம். அல்லது சுடாத பச்சை மண்ணில், அல்லது கெட்டிக் காகிதத்தில் செய்த கலயம் பயன்படுத்தலாம். அதுதான் நிஜமாகக் கரையும். ஆயர் ஈத்தாம் மாதிரி ஊரில் பச்சை மண் கலயம் செய்யக் கைத்திறன் இல்லையா என்ன? யாராவது கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சிறிய ஓடையிலும் ஆற்றிலும் கரைப்பதைத் தவிர்ப்பது நல்லது. தண்ணீர் குறைவாக ஓடும் இடத்தில் பொடி அடியில் தேங்கும், பூவும் துணியும் மதகில் சிக்கும். கீழே யாரோ அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவார்கள். சிங்கப்பூரில் இதற்கு இடமே குறித்திருக்கிறார்கள்: பூலாவ் செமக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டர் தள்ளி, கடலில்.

கடல் வேண்டாம் என்பவர்களுக்கு அங்கே 2021 மே மாதம் சுவா சூ காங்கில் ஒரு தோட்டம் திறந்தார்கள். கூழாங்கல் பரப்பிய மண்ணில் அஸ்தியைத் தூவித் தண்ணீர் ஊற்றிவிட்டு வரவேண்டியதுதான். பெயர்ப்பலகை கிடையாது, சமயச் சடங்குக்கும் அனுமதி இல்லை. எல்லாச் சமயத்தாருக்கும் பொது. நம்மவர்களுக்குப் பெயர் இல்லாதது பெரிய தடையாக இருக்காது என்று நினைக்கிறேன். கடலில் கரைத்த யாருக்கும் நாம் கல் நடுவதில்லையே.

"தாத்தாவ மரமா வளர்க்கலாம்" என்று விளம்பரம் வரும் கலயங்கள் உண்டு. அஸ்தியை நேராக வேரடியில் கொட்டினால் மரம் செழிக்காது, கருகும். அதில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். கொஞ்சமாக எடுத்து, நிறைய மண்ணிலும் மக்கிய எருவிலும் கலந்து, குழியின் ஓரமாக இட வேண்டும். ஒரு கைப்பிடி போதும். மீதியைக் கடலில் விட்டுவிடலாம்.

சரி, இப்போ நீங்கள் என்ன செய்யலாம்?

பெட்டி எளிய பலகையாக இருக்கட்டும். பூசிய சாயமும் பிளாஸ்டிக் கைப்பிடியும் வேண்டாம் என்று சேவை நிறுவனத்திடம் கேளுங்கள். பெரும்பாலும் விலையும் குறையும். ஓரிரு நாளில் காரியம் முடிந்துவிடும் என்றால் ஃபார்மலின் தேவையா, குளிரூட்டிய பெட்டி போதுமா என்று கேளுங்கள். வெளிநாட்டுக்கு உடலை அனுப்புவதாக இருந்தால் கதை வேறு. விமான நிறுவனங்கள் அதைக் கட்டாயமாகக் கேட்கும். உடம்போடு எரிப்பதற்கென்று புதுப் பட்டுப்புடவை வாங்காதீர்கள். பாட்டி விரும்பிக் கட்டிய பருத்திப் புடவை இருக்கும்.

யாரிடம் எப்போது பேசுவது? மருத்துவமனை வாசலில் நின்று அப்பாவிடம் இதைப் பேச முடியாது. நல்ல நாளில், வேறு யாருடையோ சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் காரில் பேசலாம். "அம்மா, உங்களுக்கு எப்படிம்மா வேணும்?" என்று கேட்டால் முதலில் திட்டுவார்கள். "அபசகுனமா பேசாதே" என்பார்கள். பத்து நிமிஷம் கழித்து அவர்களே ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருக்கும். கேட்க ஆள் இல்லாததுதான் குறை.

உயிலில் எழுதி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உயிலைப் பெரும்பாலும் கருமக்கிரியை எல்லாம் முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: எரிப்பதா புதைப்பதா, என்ன பெட்டி, அஸ்தியை எங்கே, எதை வேண்டாம் என்கிறீர்கள். இரவு மூன்று மணிக்கு முதலில் போன் போகும் இரண்டு பேரிடம் அதைக் கொடுத்து வையுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.